பிகேஎக்செக் ஓட்டை: பேட்ச் வராத பழைய உபுண்டுவில் செட்யூஐடி பிட்டை எடுத்தால் மட்டும் போதுமா?

வண்ணக்கோடு கேட்டது:

எங்கள் டிசைன் பிரிவில் உபுண்டு 16.04 ஓடும் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் அதில்தான் மாட்டியிருக்கிறது. பிளாட்டரின் டிரைவர் அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பிலும் ஏற மறுப்பதால், அந்தப் பெட்டியை யாரும் மேம்படுத்தத் துணிவதில்லை. நான்கு பேர் தனித்தனி லாகினில் வேலை செய்கிறோம். சுடோ உரிமை (நிர்வாகியாகக் கட்டளை ஓட்டும் உரிமை) எனக்கு மட்டும்.

புதிதாக வந்த ஐடி பொறுப்பாளர் ஸ்கேன் ஓட்டிவிட்டு, சிவிஇ-2021-4034 (பொதுப் பாதுகாப்பு ஓட்டைப் பட்டியலில் அதன் எண்) என்ற ஒரே வரியைச் சிவப்பில் காட்டி, "இதைச் சரிசெய், இல்லையென்றால் நெட்வொர்க்கிலிருந்து கழற்று" என்கிறார். தேடியதில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: பிகேஎக்செக் (வேறொரு நிரலை ரூட்டாக, அதாவது முழு நிர்வாகி உரிமையோடு, ஓட்ட உதவும் நிரல்) கோப்பின் அனுமதியை 0755 ஆக்கு, அதாவது யார் ஓட்டினாலும் அதை ரூட்டாகத் தொடங்கவைக்கும் செட்யூஐடி பிட்டை எடு, முடிந்தது. நம்ப முடியாத அளவுக்கு எளிதாக இருப்பதால்தான் கேட்கிறேன்.

இதை நினைவகச் சிதைவு என்கிறார்கள். எங்கள் பெட்டியில் ஏஎஸ்எல்ஆர் (நினைவக முகவரிகளை இடம் மாற்றிவைக்கும் பாதுகாப்பு) முழுமையாக இயங்குகிறது, சரிபார்த்துவிட்டேன். பிறகு ஏன் எல்லாக் கட்டுரைகளிலும் "முதல் முயற்சியிலேயே ரூட் கிடைக்கும்" என்று எழுதுகிறார்கள்? இன்னொன்று, பிளாட்டரின் அளவுத்திருத்தப் பேனல் திறக்கும்போது கடவுச்சொல் பெட்டி வரும். அது பிகேஎக்செக் வழியாகத்தான் என்று நினைக்கிறேன். பிட்டை எடுத்தால் அது செத்துவிடுமா? வேறு என்னென்ன உடையும்? பதிப்பு எண்ணைக் கேட்டால் 0.105 என்கிறது. 0.120 வரை எல்லாமே ஓட்டை என்று ஒரு தளத்தில் படித்தேன். அப்படியென்றால் உபுண்டு பேட்ச் போட்டாலும் ஓட்டைதானா?

---

தனிமரம்:

இவ்வளவு பதற்றம் தேவையில்லை என்பது என் கருத்து. இது லோக்கல் ஓட்டை. வெளியிலிருந்து நெட்வொர்க் வழியாக நேரடியாக யாரும் இதைத் தொட முடியாது. ஏற்கெனவே உங்கள் லாகினில் நிரல் ஓட்டத் தெரிந்தவனுக்கு உங்கள் கோப்புகள், பிரவுசர் குக்கிகள், எல்லாமே கையில். ரூட் கிடைத்து அவன் கூடுதலாக என்ன செய்யப்போகிறான், பிரிண்டர் டிரைவரை மாற்றவா? ஸ்கேனர்களுக்குச் சிவப்பு நிறம் பிடிக்கும், அவ்வளவுதான்.

---

ரூட்வேர்:

தனிமரம் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஒருவர் மட்டும் பயன்படுத்தும் சொந்தக் கணினியில் பறிபோகக்கூடிய பொருள் எல்லாம் பெரும்பாலும் ஹோம் கோப்புறையில்தான் கிடக்கிறது. அதை எடுக்க ரூட் தேவையில்லை. ஆனால் கேட்டவர் நான்கு லாகின் என்றார். ஒருவர் கவனக்குறைவாக ஓட்டிய ஒரு கோப்பு மற்ற மூவரின் கோப்புகளையும் தொடக்கூடாது என்பதற்காகத்தானே தனித்தனி லாகின்? அந்தச் சுவரை இடிப்பதுதான் இந்த ஓட்டை. ஆகவே இங்கே அது வெறும் சிவப்பு நிறம் அல்ல.

முதலில் ஏஎஸ்எல்ஆர் கேள்வி, ஏனென்றால் அது புரிந்தால் 0755 ஏன் போதும் என்பதும் புரிந்துவிடும்.

ஒரு நிரல் தொடங்கும்போது கெர்னல் அதன் ஸ்டாக்கில் (நிரலின் நினைவகத்தில் ஒரு பகுதி) இரண்டு பாயிண்டர் (முகவரி) வரிசைகளை வைத்துக் கொடுக்கிறது. முதல் வரிசை ஆர்க்வி, கட்டளை வரியில் உள்ள சொற்கள். அதன் முடிவில் ஒரு வெற்றுப் பாயிண்டர். அதை ஒட்டியபடியே அடுத்த வரிசை, என்வ்பி, அதாவது சூழல் மாறிகள். வழக்கமாக ஆர்க்வியின் 0-ஆம் இடத்தில் நிரலின் பெயர் இருக்கும். எனவே ஆர்க்சி என்ற எண்ணிக்கை குறைந்தது 1. ஆனால் ஒரு நிரல் இன்னொன்றை எக்செக்வ்ஈ அழைப்பால் தொடங்கும்போது அந்த வரிசையைக் காலியாகவும் கொடுக்கலாம். அன்றைய லினக்ஸ் கெர்னல் அதை ஏன் என்று கேட்கவில்லை. அப்போது ஆர்க்சி 0. வெற்றுப் பாயிண்டர் 0-ஆம் இடத்துக்கு வந்துவிடும். ஆர்க்வியின் 1-ஆம் இடம் என்று போய்ப் பார்த்தால் அங்கே உட்கார்ந்திருப்பது முதல் சூழல் மாறி.

பிகேஎக்செக் தன் விருப்பங்களைப் படிக்கும் லூப்பை 1-இலிருந்து தொடங்குகிறது. ஆர்க்சி 0 என்றால் லூப் ஒரு தடவைகூட ஓடாது, மாறி மட்டும் 1 என்றே நிற்கும். அடுத்த வரி அந்த 1-ஆம் இடத்தில் இருப்பதை "ஓட்ட வேண்டிய நிரலின் பெயர்" என்று எடுத்துக்கொள்கிறது. எல்லை தாண்டிப் படித்தாயிற்று. பெயர் சாய்கோட்டில் தொடங்கவில்லை என்றால், பாத் மாறியில் உள்ள கோப்புறைகளில் தேடி, கிடைத்த முழுப் பாதையை அதே இடத்தில் திருப்பி எழுதுகிறது. எல்லை தாண்டி எழுதியும் ஆயிற்று. மொத்தச் சிதைவும் இந்த ஒரு பாயிண்டர்தான்.

இதில் தாக்குபவர் எந்த முகவரியையாவது ஊகிக்க வேண்டியிருந்ததா? இல்லை. ஏஎஸ்எல்ஆர் ஸ்டாக்கை ஒட்டுமொத்தமாக இடம் மாற்றும். உள்ளே எதற்கு அடுத்து எது என்ற ஒழுங்கைக் கலைக்காது. தெருவையே பெயர்த்துக் கொண்டுபோய் எங்கே வைத்தாலும் பக்கத்து வீடு பக்கத்து வீடுதான். ஸ்டாக் கேனரி, அதாவது வழிதலைக் காட்டிக்கொடுக்கும் காவல் மதிப்பு, இங்கே மிதிபடுவதே இல்லை. ஸ்டாக்கில் நிரல் ஓடக்கூடாது என்ற தடையும் வீண், ஏனென்றால் யாரும் அங்கே நிரலை ஓட்டவில்லை.

சரி, ஒரு சூழல் மாறியை மாற்றி எழுதுவதால் என்ன? செட்யூஐடி நிரல் தொடங்கும்போது ஆபத்தான சூழல் மாறிகளை டைனமிக் லிங்கர் (லைப்ரரிகளை ஏற்றும் பகுதி) முன்கூட்டியே நீக்கிவிடும். எல்டி-பிரீலோட் அதில் எல்லாருக்கும் தெரிந்தது. ஜிகான்வ்-பாத் இன்னொன்று, எழுத்துக்குறியீட்டு மாற்றத்துக்கான லைப்ரரிகளை எங்கே தேட வேண்டும் என்று அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சிக்குச் சொல்வது. இந்தக் களையெடுப்பு முடிந்த பிறகு, பிகேஎக்செக் தன் கையாலேயே அப்படிப்பட்ட ஒரு மாறியைத் திரும்ப உள்ளே எழுதிவிடுகிறது. பிறகு அது ஏதோ பிழைச் செய்தி ஒன்றை வேறு எழுத்துக்குறியீட்டில் அச்சிட முயன்றால், தாக்குபவர் காட்டும் கோப்புறையிலிருந்து லைப்ரரி ஏறும். ரூட்டாக. ஷெல்கோடு இல்லை, ஹீப் விளையாட்டு இல்லை, தவறினால் கிராஷ் ஆகும் சூதாட்டமும் இல்லை. "முதல் முயற்சியிலேயே" என்று எழுதியவர்கள் மிகைப்படுத்தவில்லை.

இப்போது கவனியுங்கள்: இந்தச் சங்கிலியில் லாபம் தருவது எது? பிகேஎக்செக் ரூட்டாகத் தொடங்குகிறது என்பது மட்டும்தான். செட்யூஐடி பிட்டை எடுத்துவிட்டால் அதே பிழை, அதே எல்லை மீறல், எல்லாம் அப்படியே நடக்கும். ஆனால் தாக்குபவருக்குக் கிடைப்பது அவரிடம் ஏற்கெனவே உள்ள உரிமை. பொதுவாகத் தற்காலிக வழிகளை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். இது விதிவிலக்கு. இந்த ஓட்டையைக் கண்டுபிடித்த குவாலிஸ் நிறுவனம் தன் அறிக்கையிலேயே பேட்ச் இல்லாதவர்களுக்குச் சொன்ன வழி இது. ரெட் ஹாட் அப்போது சிஸ்டம்டாப் ஸ்கிரிப்ட் ஒன்றையும் கொடுத்தது, காலி ஆர்க்வியோடு வரும் பிகேஎக்செக்கைக் கொன்றுவிடும். ஆனால் அது மறுதொடக்கத்தில் போய்விடும், செக்யூர் பூட் இருந்தால் மாட்யூலுக்குக் கையொப்பமும் வேண்டும். உங்களுக்கு அது வேண்டாம்.

செய்யும் விதத்தில் ஒரு திருத்தம். வெறும் சிஎச்மாட் (அனுமதியை மாற்றும் கட்டளை) போடாதீர்கள். எப்போதாவது யாராவது பிகேஎக்செக் அடங்கிய பாலிசிகிட் தொகுப்பை மறுபடி நிறுவினால் பிட் சத்தமில்லாமல் திரும்பி வரும். டெபியன் குடும்பத்தில் இதற்கென்றே டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைடு இருக்கிறது. அதில் ஆட், அப்டேட் இரண்டு விருப்பங்களையும் கொடுத்து, உரிமையாளர் ரூட், குழு ரூட், அனுமதி 0755, பிறகு பிகேஎக்செக்கின் முழுப் பாதை என்று பதியுங்கள். இனி எந்த நிறுவலும் அதை மதிக்கும். எல்எஸ் போட்டுப் பார்த்தால் உரிமையாளரின் அனுமதியில் எஸ் என்ற எழுத்து போய் எக்ஸ் வந்திருக்க வேண்டும்.

என்ன உடையும் என்றால், பிகேஎக்செக் வழியாக ரூட் ஆகும் நிரல்கள் மட்டும். அவை, "பிகேஎக்செக் செட்யூஐடி ரூட்டாக இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். ஜிபார்ட்டட், சினாப்டிக் இரண்டும் மெனுவிலிருந்து திறக்காது. சில லேப்டாப்களில் திரை வெளிச்சத்தை மாற்றும் விசை வேலை செய்யாது, எக்ஸ்எஃப்சிஇயின் பவர் மேனேஜர் அதற்கென்று ஒரு குட்டி உதவி நிரலைப் பிகேஎக்செக்கால்தான் கூப்பிடும். டிபஸ் (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) வழியாகப் போகும் பாலிசிகிட் வேலைகள், யூஎஸ்பி டிஸ்க் ஏற்றுவது, வைஃபை மாற்றுவது போன்றவை, அப்படியே நடக்கும். அவற்றின் கடவுச்சொல் பெட்டியும் வரும். எனவே பெட்டி வருவதை மட்டும் வைத்து உங்கள் பிளாட்டர் பேனல் பிகேஎக்செக்கை நம்பியிருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. யூஎஸ்ஆர் ஷேர் அப்ளிகேஷன்ஸ் கோப்புறையிலும் யூஎஸ்ஆர் பின் கோப்புறையிலும் பிகேஎக்செக் என்ற பெயரை கிரெப் போட்டுத் தேடுங்கள். பாலிசிகிட்-1 கோப்புறைக்குள் ஆக்‌ஷன்ஸ் என்று ஒன்று இருக்கும், அங்கே எக்செக்.பாத் என்ற குறிப்பு உள்ள கோப்புகளையும் பாருங்கள்.

பதிப்பு எண்: அதை நம்பாதீர்கள். மூலத்திட்டத்தில் 0.120 வரை ஓட்டை, அடுத்த வெளியீடு எண் முறையை மாற்றி 121 என்று வந்தது, அதில் திருத்தம் உண்டு. உபுண்டுவும் டெபியனும் பழைய 0.105-ஐ வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் அதில் சேர்த்தன. பேட்ச் ஆன பெட்டியிலும் நிரல் தன்னை 0.105 என்றுதான் சொல்லும். தொகுப்பின் முழுப் பதிப்பு எண்ணின் வாலைத்தான் பார்க்க வேண்டும். 16.04-இன் பொது ஆதரவு ஏப்ரல் 2021-இலேயே முடிந்துவிட்டது, இந்த ஓட்டை வெளியானது 2022 ஜனவரி 25. ஆனாலும் கனோனிகல் நீட்டித்த பாதுகாப்பு, அதாவது ஈஎஸ்எம் வழியாக 16.04-க்கும் திருத்தத்தை வெளியிட்டது. உபுண்டு புரோ கணக்கில் சேர்த்த பெட்டிகளுக்கு அது வரும், ஐந்து கணினிகள் வரை இலவசம். முடிந்தால் அந்த வழிதான் சரி. முடியாத வரைக்கும் 0755.

---

பிட்மாறி:

ரூட்வேர் விளக்கத்துக்குக் கூடவே, கெர்னல் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். காலி ஆர்க்வியை அனுமதித்ததுதான் மூலக்காரணம் என்று பலர் அப்போதே வாதிட்டார்கள். ஓபன்பிஎஸ்டி அப்படிப்பட்ட அழைப்பை நேரடியாக மறுத்துவிடும். அங்கே இந்தத் தாக்குதல் நடக்காது. லினக்ஸில் 5.18 முதல், யாராவது காலி வரிசை கொடுத்தால் கெர்னலே ஒரு வெற்றுச் சரத்தை உள்ளே வைத்து ஆர்க்சியை 1 ஆக்கிவிடுகிறது. மறுக்காமல் இப்படிச் செய்ததற்குக் காரணம், காலி வரிசை கொடுக்கும் பழைய நிரல்களும் சோதனைகளும் உண்மையிலேயே இருந்தன. பழைய கெர்னல் கிளைகள் சிலவற்றுக்கும் அதைப் பின்னிறக்கினார்கள். 16.04-இன் கெர்னலில் அது இருக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது.

இன்னொரு எரிச்சல்: பிகேஎக்செக் முதல் பதிப்பே 2009 மே மாதத்தில் இந்தப் பிழையோடுதான் பிறந்தது. 2013-இலேயே ஒரு கெர்னல் நிரலாளர் ஆர்க்சி 0 விவகாரத்தைப் பற்றி எழுதும்போது பிகேஎக்செக்கையே உதாரணமாகக் காட்டியிருந்தார். அதை ரூட் வரை கொண்டுபோகும் வழி மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. அவ்வளவு வெளிச்சத்தில் கிடந்தும் இன்னும் எட்டு வருடம் அப்படியே இருந்தது. கடைசியில் வந்த திருத்தத்தின் மையம், ஆர்க்சி 1-க்குக் குறைவு என்றால் 127 என்ற குறியீட்டோடு வெளியேறு. இவ்வளவு தப்பாக நம்மைக் கூப்பிடுகிறவர் ஏதோ சூழ்ச்சிக்குத்தான் வந்திருப்பார், தயவு காட்டாதே என்ற பொருளில் மேலே ஒரு குறிப்பு வேறு. எனக்குப் பிடித்த பேட்ச்களில் ஒன்று.

---

வண்ணக்கோடு:

ரூட்வேர் அண்ணா, மிக்க நன்றி. ஸ்டாட்ஓவர்ரைடு போட்டுவிட்டேன், எல்எஸ்ஸில் எஸ் போய்விட்டது. புரோ கணக்குக்கு மேலே அனுமதி கேட்டிருக்கிறேன், எப்போது வரும் என்று தெரியாது.

கிரெப் போட்டதில் பிளாட்டர் பேனலின் டெஸ்க்டாப் கோப்பு பிகேஎக்செக்கைத்தான் கூப்பிடுகிறது என்று தெரிந்தது. எதிர்பார்த்தபடியே இப்போது திறக்கவில்லை. அளவுத்திருத்தம் செய்ய வேண்டியவர் நான் அல்ல, இன்னொரு சக ஊழியர். அவரை ஒரு குழுவில் போட்டு, பிகேஎக்செக்கை 4750 ஆக்கி அந்தக் குழுவுக்கு மட்டும் திறந்துவிடலாம் என்று ஒரு பதிலில் படித்தேன். அதுவா, அல்லது சுடோவில் அவருக்கு ஒரு விதி எழுதுவதா? அப்புறம், இதற்கு முன்பே யாராவது இந்த ஓட்டையைப் பயன்படுத்திவிட்டார்களா என்று பார்க்க வழி உண்டா?

---

ரூட்வேர்:

4750 வேண்டாம். வேலை செய்யும், ஆனால் அந்த ஒருவரின் லாகினிலிருந்து முழு ஓட்டையும் திறந்தே இருக்கும். நான்கை ஒன்றாகக் குறைப்பதற்கு, ஒன்றையும் விடாமல் அடைக்கும் வழி கையில் இருக்கும்போது அவசியமில்லை. சுடோ விதிதான்.

ஆனால் அதற்கு முன், சுடோவையே சரிபாருங்கள். 2021 ஜனவரி 26 அன்று அதே குவாலிஸ் வெளியிட்ட சிவிஇ-2021-3156 நினைவிருக்கிறதா? சுடோவுக்குள் 2011-இலிருந்து கிடந்த ஹீப் வழிதல், அதாவது இன்னொரு வகை நினைவக எல்லை மீறல். சுடோ பட்டியலில் பெயரே இல்லாத சாதாரண லாகினிலிருந்தும் ரூட் கிடைக்கும். பிகேஎக்செக்கை மூடிவிட்டு அப்படிப்பட்ட சுடோவின் மேல் ஏறி உட்கார்ந்தால் செய்த வேலை வீண். உங்களுக்கு ஒரு நல்ல சேதி, அந்தத் திருத்தம் 16.04-இன் பொது ஆதரவு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே வந்துவிட்டது. கடைசிவரை அப்டேட் போட்டிருந்தால் பெட்டியில் இருக்கும். சோதிக்க, சுடோ உரிமை இல்லாத ஒரு லாகினில் சுடோஎடிட் கட்டளையைச் சிறிய எஸ் விருப்பத்தோடும் ஒற்றைச் சாய்கோட்டோடும் ஓட்டுங்கள். பதில் "யூஸேஜ்" என்று தொடங்கினால் திருத்தம் இருக்கிறது. "சுடோஎடிட்" என்று தொடங்கும் பிழைச் செய்தி வந்தால் இல்லை, உடனே சொல்லுங்கள்.

விதி எழுதும்போது விசுடோ (சுடோ விதிகளைத் திருத்தும் கருவி) வழியாக எழுதுங்கள். பேனல் நிரலின் முழுப் பாதையைக் கொடுங்கள். அந்தக் கோப்பும் அது இருக்கும் கோப்புறையும் ரூட்டுக்குச் சொந்தமா, வேறு யாரும் எழுத முடியாதா என்று பாருங்கள். பிளாட்டர் கம்பெனிகளின் நிறுவல் ஸ்கிரிப்ட்கள் 777 போட்டுவிட்டுப் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் பேனல் கோப்பை மாற்றி வைத்தாலே எவருக்கும் ரூட் கிடைக்கும், நினைவகச் சிதைவெல்லாம் தேவையே இல்லை. டெஸ்க்டாப் கோப்பில் பிகேஎக்செக்குக்குப் பதில் சுடோவைப் பெரிய எச் விருப்பத்தோடு வையுங்கள், டெர்மினலில் ஓடு என்ற கொடியையும் இயக்குங்கள், இல்லையென்றால் கடவுச்சொல் கேட்க இடம் இருக்காது.

தடயம் பற்றி: ஆத் லாக் கோப்பில், ஷெல் மாறியின் மதிப்பு அனுமதிக்கப்பட்ட ஷெல்களின் பட்டியலில் இல்லை என்றோ, ஒரு சூழல் மாறியில் சந்தேகத்துக்குரிய உள்ளடக்கம் என்றோ பிகேஎக்செக் புலம்பியிருந்தால் கவலைப்படுங்கள். பிரபலமான தாக்குதல் நிரல்கள் அந்த வரிகளை விட்டுச்செல்லும். ஒன்றும் இல்லை என்பது நற்சான்று அல்ல, தடயமே விடாமலும் செய்யலாம் என்று குவாலிஸே சொல்லியிருக்கிறது. தவிர, பழைய லாக்குகள் சுழற்சியில் எப்போதோ அழிந்திருக்கும்.

---

தனிமரம்:

நான்கு லாகின் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரவுசரில் ஏதாவது திறந்தால் அங்கிருந்தே இது நடக்கும் என்று பயமுறுத்துகிறவர்களை என்ன செய்வது?

---

ரூட்வேர்:

பிரவுசரின் அடைத்துவைத்த புராசஸ்களும் பிளாட்பேக் செயலிகளும் "புதிய உரிமை பெறாதே" என்ற கெர்னல் கொடியோடு ஓடுகின்றன. அதற்குள்ளிருந்து எந்தச் செட்யூஐடி நிரலைக் கூப்பிட்டாலும் அந்தப் பிட்டுக்கு மதிப்பு கிடையாது. எனவே முதலில் அந்த அடைப்பை உடைக்க இன்னொரு ஓட்டை வேண்டும். இறக்கிய கோப்பை நாமே இரட்டைச் சொடுக்கு போட்டு ஓட்டினால் அது வேறு கதை, அது முழு லாகின் உரிமையோடு ஓடும்.

---

வண்ணக்கோடு:

சுடோஎடிட் சோதனையில் "யூஸேஜ்" வந்தது. ஆத் லாக்கில் அப்படி ஒரு வரியும் இல்லை, இருக்கிற லாக்குகள் வரைக்கும். பேனல் கோப்புறை நீங்கள் சொன்ன மாதிரியே 777. ரூட்டுக்கு மாற்றி 755 ஆக்கிவிட்டேன், பேனல் சுடோவில் திறக்கிறது. விதியில் பாதைக்குப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டிருக்கிறேன், சில சமயம் அவர் வெவ்வேறு விருப்பங்களோடு திறப்பார் என்பதால். ஸ்கேன் அறிக்கையில் மட்டும் இன்னும் சிவப்பு, பதிப்பு எண்ணைத்தான் பார்க்கிறது போல.

---

ரூட்வேர்:

நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். சுடோ விதியில் அது இடைவெளிகளையும் சாய்கோடுகளையும் சேர்த்தே விழுங்கும்; எந்தக் கோப்பையும் திறக்கும் விருப்பம் அந்தப் பேனலில் ஒன்று இருந்தாலும் ரூட்டாகக் கண்ட கோப்பையும் படிக்கலாம், எழுதலாம். அவர் பயன்படுத்தும் விருப்பங்களைத் தனித்தனி வரியாக எழுதுங்கள். விருப்பமே இல்லாமல் திறக்கும் வரிக்கு, பாதைக்குப் பின் இரண்டு மேற்கோள் குறிகளை வெறுமையாக வைத்தால் வேறு எதுவும் சேர்க்க முடியாது.

ஸ்கேன் அறிக்கைக்கு, ஸ்டாட்ஓவர்ரைடு பட்டியலையும் எல்எஸ் வெளியீட்டையும் இணைத்து அனுப்புங்கள். புரோ அனுமதி கிடைத்து பேட்ச் ஏறியதும், ஓவர்ரைடை நீக்கினால் மட்டும் அனுமதி தானாகப் பழைய நிலைக்கு வராது. பிகேஎக்செக் உங்களுக்குத் திரும்ப வேண்டுமென்றால் தொகுப்பை ஒருமுறை மறுநிறுவல் செய்யுங்கள். வேண்டாமென்றால் அப்படியே 0755-இலேயே விட்டுவிடுங்கள், நான் என் பெட்டிகளில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.